தக்காளிப் பக்கக் கிளையின் நுனியைக் கிள்ளாதீர்கள்

தக்காளிச் செடியில் இலைக்கும் தண்டுக்கும் இடையே கிளம்பும் பக்கக் கிளைகளைக் கவாத்து செய்யும்போது, அவற்றை எறிந்துவிடாமல் அரை சாண் நீளமுள்ளதாகப் பார்த்துக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியிலைகளையும் பூமொட்டுகளையும் மட்டும் நீக்கி, நுனிக்குருத்தை அப்படியே விட்டு ஈரமான தென்னைநார்க் கழிவில் ஊன்றி நிழலில் வையுங்கள். பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களில் வேர் பிடித்துவிடும். புதிய விதைச் செலவு இல்லை, நாற்றுக்குக் காத்திருக்கும் வாரங்களும் மிச்சம்.

நுனியைக் காக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி இளங்குருத்திலும் தளிர் இலைகளிலும் உருவாகித் தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது. வெட்டிய இடத்துக்கு அப்பால் செல்ல வழியின்றி அங்கேயே தேங்குவதால், அப்பகுதியில் உள்ள செல்கள் வேராக மாறத் தொடங்குகின்றன. தக்காளித் தண்டின் அடியில் வெளிறிய சிறு புடைப்புகள் தெரிந்தால் அவை வேரின் தொடக்கமே. இந்த ஓட்டம் நுனியிலிருந்து அடிநோக்கியே செல்வதால், முருங்கைப் போத்தைக்கூடத் தலைகீழாக நடக்கூடாது.

இலைச்சுருட்டை போன்ற நச்சுயிரி நோய் கண்ட செடியில் கிளை எடுக்கவே வேண்டாம், ஏனெனில் நோயும் கூடவே வரும். மிளகாயும் கத்தரியும் இவ்வளவு எளிதில் வேர்விடுவதில்லை. முள்ளங்கி, கேரட் போன்றவற்றுக்கு இம்முறை பொருந்தாது.