வேண்டாத விளம்பரத் தபால்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளம்பரக் கடிதங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கிய பின்னர் அவற்றைக் கிழித்தெறிவதிலேயே பலர் கவனம் செலுத்துகின்றனர். ஆனால் முகவரி கைமாறிய இடத்தை அவர்கள் யோசிப்பதில்லை. இலங்கை மலையகத்தின் அட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கடையில் பொருள் வாங்கியதும் நீட்டப்படும் சீட்டிழுப்புக் கூப்பனையும், ஏப்ரல் மாதத்தில் நுவரெலியா வசந்தகாலத்தின்போது விநியோகிக்கப்படும் படிவங்களையும் முழுமையாக நிரப்பிக் கொடுப்பதே முதலாவது தவறு. பெயரும் தொலைபேசி இலக்கமும் போதுமான இடத்தில் வீட்டு முகவரியையும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் எழுத வேண்டிய அவசியம் இல்லை. அடையாள அட்டை இலக்கத்தின் தொடக்க இலக்கங்களிலிருந்து பிறந்த ஆண்டையும், அடுத்துவரும் மூன்று இலக்கங்களிலிருந்து பிறந்த நாளையும் அறியலாம்; பெண்களுக்கு அந்த மூன்று இலக்கங்களுடன் 500 கூட்டப்படுவதால், இலக்கத்தின் உரிமையாளர் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். ஒரு பரிசுக்காக இவ்வளவையும் கொடுப்பது மிக அதிகம்.

படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில், பெரும்பாலும் நமக்குப் பழக்கமில்லாத மொழியில், அச்சிட்டிருக்கும் சம்மத வாசகத்தை வாசிக்காமல் கையொப்பமிடுவது அடுத்த தவறு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரது தரவுகளைக் கொண்டு தபால் மூலமோ தொலைபேசி மூலமோ விளம்பரச் செய்தி அனுப்புவதற்கு அவரது சம்மதம் வேண்டும் என்றும், அத்தகைய செய்திகளைக் கட்டணமின்றி நிறுத்திக்கொள்ளும் வழியை அவருக்குச் சொல்ல வேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. ஆகவே வங்கிக்கோ கடைக்கோ "விளம்பரங்கள் வேண்டாம்" என்று எழுத்தில் கேட்பதில் தயக்கம் தேவையில்லை. கடிதத்தின் பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டப்புறத்தில் மிகப் பாரதூரமான தவறு வேறொன்று. பல லயன்களுக்குரிய (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குரிய) கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கோ ஒரே ஓர் இடத்துக்கோ மொத்தமாக வந்துசேர, அங்கிருந்து அவை யார் யார் கைகளுக்கோ மாறி வீட்டுக்கு வருகின்றன. அந்தக் கடிதக் கட்டுக்குள் கடன் தருவதாகச் சொல்லும் நிறுவனத்தின் பளபளப்பான தாளும், தனியார் வகுப்பின் துண்டுப்பிரசுரமும், அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகிறது என்ற அறிவித்தலும் ஒன்றாகவே கிடக்கும். விளம்பரம் என்று நினைத்து முழுக் கட்டையும் ஒதுக்குபவர், நகையை மீட்கும் கடைசித் தவணையையே தவறவிடக்கூடும். ஊழியர் சேமலாப நிதி, நீதிமன்றம், பிள்ளைகளின் பரீட்சை தொடர்பான கடிதங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வீட்டில் இருப்பவரின் பெயர் எழுதப்பட்ட எந்த உறையையும் திறந்து பார்க்காமல் எறியக் கூடாது. வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவர், அது பாடசாலை செல்லும் பிள்ளையாக இருந்தாலும், கடிதம் வந்த அன்றே அதைப் பார்த்துப் பிரித்து வைப்பது நல்லது. முகவரியில் தோட்டத்தின் பெயருடன் பிரிவு, லயன் இலக்கம், தகப்பனார் பெயர் ஆகியவற்றையும் எழுதச் சொன்னால், ஒரே பெயருள்ள இருவரின் கடிதங்கள் மாறிப்போவதும் குறையும்.

கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டவரின் பெயரில் தொடர்ந்து வரும் கடிதங்களைத் திறப்பதும் சரியல்ல, குப்பையில் போடுவதும் சரியல்ல. உறையைத் திறக்காமல், "பெறுநர் இங்கு இல்லை, அனுப்பியவருக்குத் திருப்பவும்" என்று மேலே எழுதித் தபால்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். முகவரியே இல்லாமல் வாசலில் போடப்படும் தாள்களைத் திருப்பியனுப்ப முடியாது. கொண்டுவருபவரிடம் வேண்டாம் என்று நேரில் சொல்வதே வழி.

பரிசு கிடைத்திருக்கிறது, முதலில் கட்டணம் அனுப்புங்கள் என்று வரும் கடிதத்துக்குப் பதில் எழுதவே கூடாது. மறுப்புப் பதில்கூட, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்பதை உறுதிப்படுத்திவிடும்.

சேர்ந்துவிட்ட தாள்களை அடுப்பெரிக்கப் பயன்படுத்தும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பளபளப்பான தாள்கள் எரியும்போது எழும் புகை, குளிருக்காகக் கதவடைத்த சிறிய குசினியில் தங்கிப் பிள்ளைகளின் மூச்சில் கலக்கிறது. பூச்சில்லாத தாள்களைக் கிழித்து மரக்கறிக் கழிவுடன் உரக்குழியில் இடலாம், ஆனால் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள பகுதியை முதலில் துண்டு துண்டாகக் கிழித்துவிடுங்கள்.