எக்ஸாஸ்டில் தண்ணீர் குறைகிறதா? இம்பெல்லரைப் பாருங்கள்

படகுக்குள்ளேயே பொருத்திய (இன்போர்டு) டீசல் இஞ்சின் ஓடும்போது படகின் பின்புற எக்ஸாஸ்டிலிருந்து புகையோடு தண்ணீரும் விட்டுவிட்டுக் கொட்ட வேண்டும். தண்ணீர் மெலிந்து, ஆவி பெருகி, சத்தம் வறண்டு கேட்டால், அலாரம் அடிக்கும்வரை காத்திருக்காமல் இஞ்சினை நிறுத்துங்கள். உடனே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றப் போக வேண்டாம். சூடேறும் இஞ்சினில் கோளாறு பெரும்பாலும் அதைக் குளிர்விக்கும் கடல்நீர் வரும் வழியில்தான் இருக்கும். அந்த வழியை வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பார்த்து வாருங்கள்.

முதலில் அடிவால்வு, அதாவது படகின் அடியில் கடல்நீர் நுழையும் துளையைத் திறந்து மூடும் வால்வு. தேங்காய்த்திட்டிலும் கடலூர் முதுநகரிலும் படகுகள் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி நிற்பதால் சேறு, பிளாஸ்டிக் பை, சொறிமீன் எது வேண்டுமானாலும் உறிஞ்சு வாயை அடைக்கும். வால்வை மூடி ஹோஸைக் கழற்றுங்கள். வால்வை ஒரு கணம் திறந்தால் தண்ணீர் பொங்கி வர வேண்டும். வந்தால் அடைப்பு அங்கே இல்லை. இதைச் செய்யும் முன் அந்தத் துளைக்குப் பொருந்தும் மர ஆப்பு ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வால்வு மூடாமல் அடம்பிடித்தால் படகைக் காப்பாற்றுவது அதுதான். அடுத்து வடிகட்டியைக் கழுவுங்கள். அதன் மூடி ரப்பர் வெடித்திருந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும்.

இனி கடல்நீரை இழுக்கும் பம்ப். அதற்குள் சுழலும் ரப்பர் இறகுச் சக்கரம்தான் இம்பெல்லர். இஞ்சின் ஆறட்டும். பேட்டரி மெயின் சுவிட்சை அணையுங்கள். பெல்ட்டுக்குள் விரல் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. சாவியை எடுத்து மூடிய வால்வின் கைப்பிடியிலேயே மாட்டுங்கள். வேலை முடிந்ததும் வால்வைத் திறக்க மறப்பது அடிக்கடி நடக்கிறது, புது இம்பெல்லர் அந்த ஒரு மறதியில் கருகும்.

பாய்ப்படகில் இஞ்சின் படிக்கட்டுக்குப் பின்னால் பெட்டிக்குள் அடைந்திருக்கும். கை போனால் கண் போகாது. செல்போனை உள்ளே நீட்டி வீடியோ எடுத்து, திருகுகள் எங்கெங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். பம்புக்கு அடியில் வெளிர்நிறத் துணியை விரியுங்கள். மூடித் திருகுகள் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ். படகின் அடிப்பள்ளமான பில்ஜில் விழுந்தால் காந்தம் வைத்து எடுக்க முடியாது. சில இஞ்சின்களில் பம்பின் மூடி பின்பக்கம் பார்த்திருக்கும். அங்கே தலைகீழாகத் தொங்கித் திருகோடு போராடுவதைவிட, பெல்ட்டைத் தளர்த்தி, ஹோஸ்களைக் கழற்றி, பம்பையே வெளியே எடுப்பது சீக்கிரம் முடியும்.

மூடியைத் திறந்ததும் இறகுகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று படம் எடுங்கள். இம்பெல்லரின் நடுப்பகுதியைக் குறட்டால் பிடித்து, மெல்ல ஆட்டி இழுங்கள். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் பித்தளைக் கூட்டில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகப் பம்ப் இழுவையை இழக்கும்.

வெளியே வந்ததை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு இறகையும் பின்னோக்கி வளையுங்கள். விரிசல் நுனியில் தெரியாது. இறகு நடுப்பகுதியோடு சேரும் அடியில், தலைமுடி அளவுக்குக் கோடாகத் தெரியும். இறகுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு எங்கோ சிக்கியிருக்கிறது, பெரும்பாலும் இஞ்சின் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாயில் அல்லது ஹோஸ் திருப்பத்தில். துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு இறகு ஆகும்வரை தேடுங்கள். விட்டுவிட்டால் புது இம்பெல்லரோடும் இஞ்சின் சூடேறும்.

மாற்று வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். வெளிவிட்டம், அகலம், ஷாப்ட் விட்டம், இறகு எண்ணிக்கை, ஷாப்ட்டைப் பிடிக்கும் முறை ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். குளிர்விக்கும் பம்புக்கு நியோப்ரீன் ரப்பர் ஏற்றது. மாட்டும் முன் கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்பு நீரோ தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் நியோப்ரீனை உப்ப வைக்கும். பழைய படத்தில் பார்த்த அதே பக்கம் வளைத்து, சுழற்றியபடி உள்ளே தள்ளுங்கள். மூடிக்கு அடியில் வைக்கும் பேப்பர் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும், பழையதைவிடத் தடிமன் மட்டும் கூடவே கூடாது. மணல் தண்ணீர் இழுத்த பம்பில் மூடித் தகட்டின் உட்புறம் வட்டமாகத் தேய்ந்திருக்கும். வெளிப்புறம் எழுத்தில்லாமல் சமமாக இருந்தால் திருப்பிப் போடலாம்.

வால்வைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் நிறுத்துங்கள். இஞ்சின் பிடிக்காமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டியிருந்தால் அடிவால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள், பிடித்த அடுத்த நொடி திறங்கள். திறந்தே வைத்துச் சுற்றினால் எக்ஸாஸ்ட் தொட்டி நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும். அப்போது கெடுவது இம்பெல்லர் அல்ல, இஞ்சினே.

தண்ணீர் வந்தும் குறைவாக இருந்தால் பெல்ட் நழுவுகிறதா, எக்ஸாஸ்ட் முழங்கையில் கரியும் உப்பும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பம்பின் அடியில் சிறு ஓட்டை ஒன்று இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் சீல் போய்விட்டது. ஒழுகல் என்று நினைத்து அந்த ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் உப்புநீர் உள்ளே போய் பேரிங்கைத் தின்னும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலத்தில் படகைக் கட்டியே வைப்பதானால் இம்பெல்லரைக் கழற்றி வையுங்கள். கிடந்த கிடையில் இறகுகள் வளைந்தபடியே இறுகிவிடும். கழற்றியதைச் சீட்டில் எழுதிச் சாவியோடு கட்டுங்கள்.