ஓய்வுநிலை இதயத்துடிப்பைக் குறைக்கக் கிளம்பியவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் ஓட்டக் குழுவில் சேர வருகிறவர்களிடம் என்ன விஷயமாக ஓட வந்தீர்கள் என்று கேட்டால், முன்பெல்லாம் தொப்பையைத் தட்டிக் காட்டுவார்கள். இப்போது மணிக்கட்டைக் காட்டுகிறார்கள். "ரெஸ்டிங் ஹார்ட் ரேட் 82 காட்டுதுண்ணா, எப்படியாவது அறுபதுக்குக் கொண்டுவரணும்." நல்ல நோக்கம்தான். வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்று சொன்னாலும், அந்த வரம்பின் மேல் பாதியிலேயே எப்போதும் இருப்பவர்களுக்கு இதயநோய் ஆபத்து கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைக்க நினைப்பதில் தப்பே இல்லை. குறைக்கிறேன் பேர்வழி என்று அடுத்த மூன்று மாதம் அவர்கள் அடிக்கும் கூத்தைத்தான் பார்க்க முடியவில்லை. அத்தனையும் நான் ஆரம்பத்தில் அடித்தது, ஒன்றுகூட மாறாமல்.

சிகரெட்டை விடுங்கள், வார்ம்-அப் செய்யுங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

## பகலில் அளந்துவிட்டு அதை ஓய்வுநிலை என்பது

மாடிப்படி ஏறி வந்து, காபியை ஒரு வாய் குடித்துவிட்டு வாட்ச்சைப் பார்த்தால் தெரிவது ஓய்வுநிலைத் துடிப்பாகாது. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன், போனைக் கையில் எடுக்கும் முன் அளக்க வேண்டும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதிலேயே ஒரு நாடி ஓடுகிறது, இரண்டும் குழம்பும். அவசரக்காரர்கள் 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்குவார்கள். எண்ணுவதில் ஒன்று தவறினால் கணக்கில் ஆறு தவறும். ஆறு துடிப்பு குறைய மாதக்கணக்கில் ஓட வேண்டியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாட்ச் வைத்திருப்பவர்கள் அதையே பார்க்கலாம். ஆனால் சில வாட்ச்சுகள் தூக்கத்தில் பதிவான குறைந்த அளவை எடுத்துக்கொள்ளும். சில, விழித்திருக்கும்போது அசையாமல் இருந்த நேரத்தைக் கணக்கில் எடுக்கும். புது வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டு "ஒரே வாரத்துல நாலு குறைஞ்சிடுச்சு" என்று இனிப்பு கொடுக்காத குறையாக வந்து நின்றவர்கள் உண்டு.

## தினமும் பந்தயம் ஓடுவது

இந்த ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் சோம்பேறிகள் இந்தத் தவறைச் செய்வதில்லை. நன்றாக உழைக்கிறவர்கள்தான் செய்கிறார்கள்.

கொஞ்சம் கணக்கு. ஓய்வில் இருக்கும் உடலுக்கு இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது. ஒரு துடிப்புக்கு 70 மில்லி வெளியேறினால் எழுபது தடவையாவது துடிக்க வேண்டும். அதுவே 85 மில்லி வெளியேறினால் 59 தடவை போதும். ஓட்டம், சைக்கிள் போன்ற கார்டியோ பயிற்சி செய்யும் வேலை பெரும்பாலும் இதுதான். முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடத் தொடங்குகிறது. அப்புறம் மாதக்கணக்கில் இதயத்தின் இடது கீழறை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, ஒவ்வொரு முறையும் அதிக ரத்தத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. நரம்புகளின் பங்கும் உண்டு. எந்த நரம்பின் தலையீடும் இல்லாமல் விட்டால் இதயம் நிமிடத்துக்கு 100 தடவை அளவில் துடிக்கும். வேகஸ் நரம்பு தணித்து வைப்பதால்தான் நமக்கு எழுபதோ அறுபதோ. தொடர்ந்து பயிற்சி செய்தால் அந்தத் தணிப்பும் கூடுகிறது, துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முனையின் சொந்த வேகமும் இறங்குகிறது.

இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது சேர்ந்துகொண்டே போகும் நிமிடங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது. அந்த நிமிடங்கள் சேர வேண்டுமென்றால், நாளைக்கும் ஓட மனசும் காலும் மிச்சம் இருக்கும்படி இன்றைய ஓட்டத்தை முடிக்க வேண்டும். புதியவர்கள் செய்வது நேர் எதிர். நேற்று 5 கிலோமீட்டரை 34 நிமிடத்தில் ஓடினேன், இன்று 33:40, நாளை 33:20. ஒவ்வொரு காலையும் நேற்றைய தன்னோடு ஒரு போட்டி. நடுவில் யாராவது தாண்டிப் போய்விட்டால் அவரோடும் போட்டி.

நாற்பதுகளில் இருந்த ஒருவர் எங்களோடு சேர்ந்தார். கட்டுப்பாடான ஆள், மழை வந்தாலும் வந்துவிடுவார். தினமும் இப்படித்தான் ஓடினார். முதல் மாதம் 78-இலிருந்து 75 ஆனது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் மாதம் நகரவில்லை. உடனே இன்னும் வேகத்தைக் கூட்டினார். மூன்றாம் மாதம் காலைத் துடிப்பு 80-ஐத் தொட்டது, இரவில் தூக்கம் கெட்டது, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரமாக வலி. "இவ்வளவு ஓடியும் ஏறுதுண்ணா, என் ஹார்ட்டே இப்படித்தான் போல" என்று விட்டுவிடப் பார்த்தார். அவர் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. தேறுவதற்கு நேரமே கொடுக்காமல் அடுத்த அடி விழுந்தால் உடல் பதற்ற நிலையிலேயே நிற்கும். அட்ரினலின் பக்கம் கை ஓங்கி, வேகஸின் கை தாழும். காலை நாடியில் அது அப்படியே தெரியும்.

பத்து நாள் வெறும் நடை, பிறகு பேசிக்கொண்டே ஓடும் வேகம் என்று சொன்னேன். மூன்றாம் நாளே வந்துவிட்டார்: "அண்ணே, குச்சி ஊன்றி நடக்குற பாட்டி என்னைத் தாண்டிப் போறாங்க. இதுல என்ன பலன் இருக்கப் போகுது?" இந்த ஒரு வாக்கியத்தை வெவ்வேறு வாய்களில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! பாட்டி போகட்டும், விடுங்கள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே தொடர்ந்தார். துடிப்பு ஏறினால் நடை, இறங்கினால் மெல்லோட்டம். சில மாதத்தில் அதே துடிப்புக்கு அவர் கால்கள் தாமாகவே வேகமாகப் போகத் தொடங்கின. காலை எண் அறுபதுகளின் பிற்பகுதிக்கு வந்தது அதற்கும் பின்னால்தான். கவனிக்க வேண்டிய வரிசை இது: முதலில் அதே பாதை எளிதாகும், பிறகுதான் ஓய்வுநிலை எண் அசையும். எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முதல் மாற்றத்தைக் கவனிக்காமலே கைவிட்டு விடுகிறார்கள்.

எது சரியான வேகம்? முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் குறையுங்கள், அதற்காக நடக்க வேண்டி வந்தாலும் சரி. மேடு வந்தால் நடங்கள். வெயிலில் அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருக்கிறது. அன்றைக்கு வேகத்தை மறந்துவிடுங்கள்.

வேகமாக ஓடுவதே வீண் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை ஓடும் இன்டர்வல் பயிற்சி ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தத்தை நன்றாகவே கூட்டும். ஆனால் அது வாரத்துக்கு ஒன்று, அதுவும் ஒன்றிரண்டு மாத அடித்தளத்துக்குப் பிறகு. நார்வேயில் பணிபுரியும் ஆய்வாளர் ஸ்டீபன் சீலர், உச்சநிலை நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, அவர்களுடைய பயிற்சிகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம் எளிதான வேகத்தில்தான் நடக்கிறது என்று எடுத்துக்காட்டினார். ஒலிம்பிக் பதக்கத்துக்கு ஓடுகிறவர்கள் வாரத்தின் பெரும்பகுதியை மெதுவாக ஓடுகிறார்கள். காலை எண்ணில் பத்து குறைந்தால் போதும் என்று வந்தவர் தினமும் நுரை தள்ள ஓடுகிறார். எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

## 220-இலிருந்து வயதைக் கழித்து, வந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்வது

உச்சத் துடிப்பைக் கணிக்கும் அந்தச் சூத்திரம் ஒரு தோராயம். ஒரே வயதுக்காரர்களிடையே உச்சத் துடிப்பு பத்து, பன்னிரண்டு வரை முன்பின் இருப்பது மிகச் சாதாரணம். நாற்பது வயதுக்காரருக்குச் சூத்திரம் 180 என்னும். நிஜத்தில் அவருக்கு 168 இருக்கலாம், 192-உம் இருக்கலாம். அந்த 180-ஐ வைத்து வாட்ச் போட்டுக் கொடுக்கும், எளிது, கடினம் என்று துடிப்பைப் பிரிக்கும் கலர் கலரான மண்டலங்களும் அதே அளவுக்குத் தள்ளிப் போகும்.

இன்னொரு குழப்பம் சதவீதத்தில். 180-இல் 60 சதவீதம் 108. பலருக்கு அது கடைக்குப் போய்வரும் நடை. பின்லாந்தின் மார்ட்டி கார்வோனன் 1957-இல் முன்வைத்த முறையில், உச்சத்திலிருந்து ஓய்வுநிலையைக் கழித்து, மீதியில் சதவீதம் எடுத்து, ஓய்வுநிலையைத் திரும்பக் கூட்ட வேண்டும். ஓய்வுநிலை 75 என்றால் மீதி 105, அதில் 60 சதவீதம் 63, கூட்டினால் 138. இரண்டும் "60 சதவீதம்"தான், இடையில் 30 துடிப்பு வித்தியாசம். யாராவது சதவீதத்தில் ஆலோசனை சொன்னால் எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள். இந்தக் கணக்கும் உச்சத் துடிப்பை நம்பித்தான் நிற்கிறது என்பதால், பேசிப் பார்க்கும் சோதனைக்கே என் ஓட்டு.

## ஓடும்போது வாட்ச் 170 காட்டினால் பதறுவது

மணிக்கட்டு வாட்ச், தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. பட்டை தளர்வாக இருந்தால் கை ஆடும் தாளத்தை நாடி என்று எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170 காலடி வைக்கிறீர்கள், வாட்சும் 170 என்கிறது, உங்களால் சாவகாசமாகப் பேசவும் முடிகிறது என்றால் அது இதயத்தின் எண்ணாக இருக்க வாய்ப்பு குறைவு. நின்று விரலால் எண்ணிப் பாருங்கள். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு மேலே தள்ளி இறுக்கிக் கட்டுங்கள். துல்லியம் வேண்டுமென்றால் மார்புப் பட்டை.

## ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவது

ஏழு நாள் சராசரியைப் பாருங்கள், போதும்.

## நண்பரின் 48-ஐப் பார்த்து ஏங்குவது

இதில் பிறவிக்கூறுக்குப் பெரிய பங்கு உண்டு. உடல் அளவு, வயது, எத்தனை ஆண்டுகளாக ஓடுகிறார் என்பதும் சேரும். ஹெரிடேஜ் என்ற அமெரிக்க ஆய்வில், பயிற்சியே இல்லாதவர்களை 20 வாரம், வாரத்துக்கு மூன்று நாள் நிலைசைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஓய்வுநிலைத் துடிப்பின் சராசரி இறக்கம் ஐந்தைக்கூட எட்டவில்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் நிறைய. ஆகவே மூன்று மாதத்தில் இருபது குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். மற்றபடி உடலின் திறன், ரத்த அழுத்தம், தூக்கம் எல்லாம் அந்த ஐந்துக்குள் அடங்காமல் நன்றாகவே மேம்பட்டிருக்கும்.

## மூன்று வாரம் விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவது

கூடாது. முன்பு ஓடியதில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

## ஓட்டத்தை நம்பி மீதி 23 மணி நேரத்தை மறப்பது

காலையில் ஒழுங்காக ஓடிவிட்டு இரவில் மது அருந்தினால், அன்றைய தூக்கம் முழுக்க இதயம் வேகமாக ஓடும். வாட்ச் வைத்திருப்பவர்கள் அதைக் கோடு போட்டதுபோல் பார்க்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பது, நாலு மணி நேரத் தூக்கம், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாமே காலை எண்ணை மேலே தள்ளும். காய்ச்சல் இருந்தால் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் பத்து துடிப்பு அளவில் ஏறும். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடி, உடம்பும் அசதியாக இருந்தால் மறுநாளே காய்ச்சல் வந்து நிற்பதைப் பலமுறை பார்த்தாயிற்று. அப்படியான காலையில் ஓடப் போகாதீர்கள்.

## மருத்துவர் பார்க்க வேண்டியதை ஓடித் தீர்க்கப் பார்ப்பது

இதில் எனக்கு எரிச்சல் இல்லை, பயம்தான். ஒழுங்காக மெதுவாக ஓடி, நன்றாகத் தூங்கியும் ஒரு பெண்ணுக்கு 90-க்குக் கீழே இறங்கவே இல்லை. இன்னும் உழைக்க வேண்டுமோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்க்கச் சொன்னதில் கடுமையான ரத்தசோகை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத்தான் துடிக்கும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் அப்படியே. இவற்றுக்கு ஓட்டம் மருந்தாகாது.

ஓய்வில் தொடர்ந்து 100-க்கு மேல் இருந்தாலும், துடிப்பு ஒழுங்கில்லாமல் தாவினாலும் காட்டிவிடுங்கள். மறுபக்கம், எல்லாக் குறைந்த எண்ணும் உடல்திறன் ஆகிவிடாது. பயிற்சியே இல்லாதவருக்கு ஐம்பதுக்குக் கீழே போய், தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்து வந்தால் அது கொண்டாட வேண்டிய விஷயமில்லை. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓய்விலும் ஓட்டத்திலும் துடிப்பு குறைவாகத்தான் இருக்கும். அவர்களுக்கு மேலே சொன்ன எந்த எண் கணக்கும் பொருந்தாது, எண்ணைக் குறைக்கவோ கூட்டவோ மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. உழைக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் அங்கேயே நின்று, உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். வாட்ச் என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.