கோழிக் கூடு: வாங்கும் முன்பும் கட்டும் முன்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறக்கடையில் மேயவிட்டு வளர்க்கும் நாட்டுக்கோழி பகலில் கூட்டுக்குள் இருப்பதே அபூர்வம். முட்டையிட வந்துபோகும், அவ்வளவுதான். பொழுது சாய்ந்து கோழி அடையும் நேரத்திலிருந்து விடியும் வரை, ஏறக்குறைய 12 மணி நேரம்தான் கூட்டுக்கு உண்மையான வேலை. நாமோ அதைப் பட்டப்பகலில், கடை வாசலில் நிற்க வைத்துப் பார்த்து வாங்குகிறோம். பெயின்ட் பளபளப்பும் சக்கரம் வைத்த காலும் கண்ணில் படுகின்றன. மரநாய், உண்ணி, சாரல், அடைபட்ட காற்று எல்லாம் ராத்திரிச் சமாச்சாரம். கூடு விஷயத்தில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

'20 கோழி தாங்கும்' என்ற பேச்சு

4 அடிக்கு 3 அடி கூண்டைக் காட்டி 20 கோழி அடைக்கலாம் என்பார்கள். 12 சதுர அடியில் 20 கோழி நிற்கும், உண்மைதான். ஆனால் தங்காது. பகலில் வெளியே மேயும் கோழிக்கு இரவுக்கு மட்டும் தலைக்கு ஒன்றரை சதுர அடி வேண்டும். அந்தக் கணக்கில் 8 கோழி. நாள் முழுக்க அடைத்து வளர்ப்பதானால் கூட்டுக்குள் இரண்டரை சதுர அடியும், வெளியே வலையடித்த முற்றத்தில் 8 முதல் 10 சதுர அடியும் தலைக்குத் தேவை. நெரித்து அடைத்தால் முதலில் இறகு கொத்தும், பிறகு ரத்தம் வரக் கொத்தும். அப்புறம் மருந்து தேடி அலைவதில் பயனில்லை.

தரைக் கணக்கு மட்டும் போதாது. கோழி தரையில் தூங்குவதில்லை, கம்பில் அடைகிறது. கம்பில் ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்றால் 4 அடிக் கம்பில் 6 கோழிதான். எட்டுக்கு இடம் இருப்பதாகத் தோன்றும் கூட்டில் இரண்டு கோழி முட்டைப் பெட்டிக்குள் போய்ப் படுத்து, விடிவதற்குள் அதை எச்சமாக்கிவிடும்.

இன்னொன்று: நாட்டுக்கோழி பெருகும். ஒரு தாய் அடை வைத்து 8 குஞ்சு பிழைத்தாலே ஐந்தாறு மாதத்தில் கூடு போதாமல் போய்விடும். இன்று வைத்திருக்கும் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்குக் கணக்குப் போடுங்கள்.

வலையில் செய்யும் சிக்கனம்

அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. தெருநாய் பல்லால் இழுத்தால் கிழியும், மழைக்குத் துருவும். கண் பெரிதாக இருந்தால் மரநாய் உள்ளே நுழையவே தேவையில்லை. வலையோரம் அடைந்திருக்கும் கோழியின் காலையோ கழுத்தையோ வெளியிலிருந்தே பிடித்து இழுத்துவிடும். காலையில் பூட்டு அப்படியே இருக்கும், கோழி மட்டும் கடிபட்டுக் கிடக்கும்.

அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ், அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பி வலைதான் சரி. கீரி, பெருச்சாளி, வளர்ந்த சாரைப்பாம்பு மூன்றையும் இது நிறுத்தும். கையைக் கடித்தால் தரையிலிருந்து 3 அடி உயரம் வரை அரை அங்குலமும் அதற்கு மேல் ஒரு அங்குலமும் போடலாம். அடிக்கும்போது வலை சட்டத்தின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அப்போது வெளியிலிருந்து தள்ளத் தள்ள வலை மரத்தோடு அழுந்தும். உள்பக்கம் அடித்தால் நாய் நாலு முறை முட்டினாலே ஆணி கழன்றுவிடும். ஆணியை வளைத்து விடுவதோடு நிறுத்தாமல், வலையின் மேல் ஒரு ரீப்பர் பட்டையை (மெல்லிய மரச்சட்டம்) வைத்துத் திருகாணி போட்டு இறுக்குங்கள். அடையும் கம்பும் வலையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும்.

மண் தரையில் வைக்கும் கூட்டுக்குப் பெருச்சாளி அடியில் வளை தோண்டும். சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்கு வலையைப் புதைக்கலாம். அதைவிட எளிய வழி உண்டு: சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைப் படுக்கப் போட்டு மேலே மண்ணும் கல்லும் பரப்புவது. தோண்டும் பிராணி சுவரை ஒட்டியேதான் ஆரம்பிக்கும். வலை தட்டியதும் ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்டத் தெரியாது.

கீரி பகலில் வேட்டையாடுவது. பருந்தும் அப்படியே. அதனால் குஞ்சு வைத்திருக்கும் தாயைப் பகலில் வெறுமனே விடாமல் முதல் சில வாரம் பஞ்சாரக் கூடையில் கவிழ்ப்பதோ வலையடித்த முற்றத்தில் விடுவதோ நல்லது. தாழ்ப்பாளும் பூட்டும் நாலு கால் திருடனுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். சேவல் விலை ஏறும் பண்டிகைக் காலத்தில் இரண்டு கால் திருடன்தான் அதிகம்.

காற்றை அடைப்பது

குளிருக்கும் மழைக்கும் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிவிடுவது நம் ஊரில் மிகச் சாதாரணம். கோழிக்கு இறகு இருக்கிறது, நம் ஊர்ப் பனி வளர்ந்த கோழியை ஒன்றும் செய்யாது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் மூச்சின் ஈரமும் வெளியேறாமல் உள்ளேயே நிற்பதுதான் சளி, கண் வீக்கம், கரகர மூச்சுக்கு வழி விடுகிறது.

தார்ப்பாயை மேலிருந்து தொங்கவிடாமல், கீழ்ப்பக்கம் இறுக்கிக் கட்டிக் கீழிருந்து மேலாக ஏற்றுங்கள். மேலே, கூரைக்கு அடியில் ஒரு அடி எப்போதும் திறந்திருக்கட்டும். சாரல் கோழி மேல் படாது, சூடேறிய கெட்ட காற்று மேல்வழியாகப் போய்விடும். மேலிருந்து தொங்கவிட்டால் நேர்மாறாக நடக்கும்: அடியில் சாரல் அடிக்கும், மேலே காற்று அடைபடும். காலையில் கதவைத் திறந்ததும் குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் ஒரு முறை மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் திறப்பு போதவில்லை.

கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் நீளப் பக்கத்தில் அடிக்காது. ஐப்பசி, கார்த்திகைச் சாரல் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வருவதால் அந்தப் பக்கங்களில் கூரையை 3 அடி நீட்டிவிடுங்கள். வெறும் தகரக் கூரை சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். தகரம்தான் என்றால் மேலே தென்னங்கீற்று பரப்பலாம், அல்லது சுண்ணாம்பு அடிக்கலாம். கீற்றுக் கூரை குளுமைதான், ஆனால் மரநாய் பிரித்துக்கொண்டு இறங்கும். கீற்றுக்கு அடியில் வலை கட்டாயம்.

உள்ளே

கம்பு முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி எப்போதும் உயரமான இடத்தைத் தேடித்தான் அடையும். பெட்டி உயரமாக இருந்தால் பெட்டியிலேயே தூங்கும். கம்பு 2 அங்குல அகலத்தில் முனை மழுங்கியதாக, தரையிலிருந்து இரண்டரை அல்லது 3 அடியில் இருக்கட்டும். வனராஜா, கிரிராஜா போன்ற கனத்த இனங்களுக்கு ஒன்றரை அடி போதும். உயரத்திலிருந்து தொப்பென்று குதித்தால் பாதத்தில் கட்டி வரும். பெட்டி 12 அங்குல நீளம், அகலம், உயரம், முன்பக்கம் 4 அங்குலத் தடுப்பு, 4 அல்லது 5 கோழிக்கு ஒன்று.

தரைக்கு உமியோ கடலைத் தோலோ 2 முதல் 3 அங்குலம் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தி விரித்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. ஈரக் கூளத்தில்தான் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும். தண்ணீர்ச் சட்டியைக் கூளத்தின் மேல் வைக்காமல், கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி வைத்தாலே பாதி ஈரம் குறையும்.

கைக்கு எட்டாத மூலை உள்ள கூட்டை வாங்கவே வாங்காதீர்கள். குனிந்து நுழைய முடியாத, மேல்பக்கமும் திறக்காத கூண்டு ஒரு மாதத்துக்கு மேல் சுத்தமாக இருக்காது.

பழைய கூண்டு

மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய மரக்கூண்டையோ மூங்கில் கூண்டையோ தூக்கி வரும்போது உண்ணியும் கூடவே வரும். பகலில் மர இடுக்கிலும் மூங்கில் கணுத்துளையிலும் ஒளிந்திருக்கும். இரவில் இறங்கி ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். அதனால் பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொண்டை வெளுக்கும், முட்டை குறையும், அவ்வளவுதான். பல மாதம் பட்டினி கிடந்தும் சாகாது என்பதால் காலியாகப் போட்டு வைத்த கூண்டு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. ராத்திரி 10 மணிக்கு மேல் டார்ச் அடித்து, கம்பின் அடிப்பக்கத்தையும் அது சுவரைத் தொடும் இடத்தையும் பாருங்கள். இரும்புக் கூண்டானால் வெட்டவெளியில் வைத்து இடுக்கெல்லாம் நெருப்பு காட்டலாம். மரமானால் இடுக்குகளை அடைத்துக் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்த பிறகே கோழியை விடுங்கள். மூங்கிலின் திறந்த முனைகளை சிமென்டால் அடைத்துவிடுங்கள்.

புதுக் கூட்டில் முதல் நாள்

கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும், விட்ட அன்றே கதவைத் திறந்துவிட்டால் சாயங்காலம் கோழி முருங்கை மரத்தில்தான் இருக்கும். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கம்பில் உட்கார வைத்து, மூன்று நான்கு நாள் தீவனமும் தண்ணீரும் உள்ளேயே கொடுத்து அடைத்து வையுங்கள். முதல் முறை திறப்பது அடையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கட்டும். தூரம் போக நேரம் இருக்காது. இருட்டத் தொடங்கும்போது உள்ளே ஒரு கை கம்பு தானியம் தூவினால் தானாகவே ஏறிவிடும்.