ஜெர்மன் நம்பர் பிளேட்டை வலது பக்கத்திலிருந்து படியுங்கள்

ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்கள் தெருவில் நிற்கும் காரைப் பார்த்ததும் முதல் எழுத்தை வைத்து இது எந்த ஊர் வண்டி என்று சொல்லிப் பார்ப்பார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அபூர்வமான காரைப் பிடிக்க வேண்டுமென்றால் அது போதாது, இடது பக்கத்தைவிட வலது ஓரமும் எழுத்தின் நிறமும்தான் அதிக விஷயம் சொல்லும்.

படி 1: அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

இடது ஓரத்தில் நீலப் பட்டை, அதில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திரங்கள், கீழே ஜெர்மனியைக் குறிக்கும் டி. அடுத்து வரும் ஒன்று முதல் மூன்று எழுத்துகள் வண்டி பதிவான நகரத்தையோ மாவட்டத்தையோ குறிக்கும்: பி என்றால் பெர்லின், எம் மியூனிக், கே கொலோன், எச்எச் ஹம்பர்க். பிறகு வட்ட ஸ்டிக்கர், அப்புறம் ஒன்றிரண்டு எழுத்து, நான்கு வரை எண்கள், எல்லாம் சேர்த்து எட்டைத் தாண்டாது. நடுவில் வரும் எழுத்துகளையும் எண்ணையும் கூடுதல் கட்டணம் கட்டி நாமே கேட்டு வாங்கலாம், அதனால் பாதிப் பேர் பெயரின் முதலெழுத்தும் பிறந்த ஆண்டும் போட்டிருப்பார்கள். எஸ்எஸ், எஸ்ஏ, கேஇசட் போன்றவை மட்டும் கிடைக்காது, காரணம் நாஜி காலம்.

படி 2: ஊர் எழுத்தை முழுசாக நம்பாதீர்கள்

2015 முதல் வேறு ஊருக்குக் குடிபோனாலும் பழைய பிளேட்டையே வைத்துக்கொள்ளலாம். வாடகைக் கார் நிறுவனங்களும் ஏதோ ஓர் ஊரில் மொத்தமாகப் பதிவு செய்துவிட்டு நாடு முழுக்க ஓட்டுகின்றன. எச்எச் போட்ட வண்டி ஹம்பர்க்கையே பார்க்காததாக இருக்கலாம்.

படி 3: வலது ஓரத்துக்கு வாருங்கள்

எண்ணுக்குப் பின்னால் எச் இருந்தால் வண்டிக்குக் குறைந்தது 30 வயது, பெரும்பாலும் மாறாத பழைய நிலையில் இருக்கிறது என்று நிபுணர் பார்த்துச் சான்று கொடுத்திருக்கிறார். இதற்கு ஆண்டு வரி சுமார் 191 யூரோ, எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் அவ்வளவுதான். புகைக் கட்டுப்பாடு உள்ள நகர மையங்களுக்குள்ளும் போகலாம். ஆனால் எச் இல்லாத பழைய காரை ஒதுக்கிவிடாதீர்கள். கிழக்கு ஜெர்மனியின் டிராபான்ட் காரின் தயாரிப்பு 1991-இல் நின்றுபோனது, அதனால் இன்று எல்லா டிராபான்ட்டும் எச் வாங்கும் வயதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் பலர் வாங்குவதில்லை, ஏனென்றால் 600 சிசி எஞ்சினுக்குச் சாதாரண வரியே 191 யூரோவைவிடக் குறைவு!

இ எழுத்து 2015-இல் வந்தது, மின்சார வண்டிக்கும் சார்ஜ் போடும் ஹைப்ரிட்டுக்கும் கொடுப்பது. பார்வைக்கு அச்சு அசல் பெட்ரோல் கார் மாதிரி இருக்கும் போர்ஷேயில் இ இருந்தால் ஹைப்ரிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது சீசன் பிளேட். ஓரத்தில் மேலே 04, கீழே 10 என்று சின்னதாக இருந்தால் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் அந்த வண்டிக்கு ரோடு, மற்ற மாதங்களில் பொதுத் தெருவில் நிறுத்தி வைக்கக்கூட முடியாது. திறந்த மேற்கூரைக் கார்களிலும் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இது அதிகம், ஆகவே கார் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஜனவரியில் குளிரில் நின்று விறைக்க வேண்டாம், ஏப்ரலில் முதல் வெயிலடிக்கும் ஞாயிறன்று போங்கள்.

படி 4: நிறத்தைப் பாருங்கள்

எழுத்து சிவப்பாக இருந்து எண் 06-இல் தொடங்கினால் அது டீலருடைய பிளேட், 07 என்றால் பழைய கார் வைத்திருப்பவருடையது, ஒரே பிளேட்டைத் தன் வண்டிகளுக்கு மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வார். 07-ஐக் கண்டால் நின்று பாருங்கள், சும்மா ஒரு வண்டியாக இருக்காது. பச்சை எழுத்து வரிவிலக்கு, டிராக்டர், குதிரை டிரெய்லர் மாதிரியானவை. வலது ஓரத்தில் மஞ்சள் பட்டை இருந்தால் ஐந்து நாள் தற்காலிகப் பிளேட், சிவப்புப் பட்டை இருந்தால் வண்டி நாட்டைவிட்டு ஏற்றுமதியாகிறது.

படி 5: இப்போது ஊர் எழுத்துக்குத் திரும்புங்கள்

இடது பக்கம் உண்மையில் உதவுவது இங்கேதான். டபிள்யூஓபி வோல்ஃப்ஸ்பர்க், ஃபோக்ஸ்வாகனின் சொந்த ஊர். ஐஎன் இங்கோல்ஸ்டாட், ஔடி. ஜிஜி மாவட்டத்தில்தான் ஓப்பலின் ரூஸல்ஸ்ஹைம். மெர்சிடிஸின் ஸிண்டல்ஃபிங்கனும் போர்ஷேயின் வைஸாக்கும் ஒரே மாவட்டம், பிபி. உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழல் ஸ்டிக்கர் ஒட்டி, பிபி பிளேட்டோடு ஒரு கார் போனால் இன்னும் வெளிவராத மாடல் என்று தைரியமாகச் சொல்லலாம். சின்ன நிறுவனங்களையும் விட்டுவிடாதீர்கள்: பிஓடி பிராபுஸ், எம்என் ரூஃப், 2025 வரை ஓஏஎல் அல்பினா. இவற்றைப் பார்க்க நல்ல இடம் நூர்பர்க்ரிங் பந்தயத் தடம், 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் வடக்குச் சுற்றில் கார் நிறுவனங்கள் சோதனை ஓட்டம் நடத்துகின்றன, புரூன்ஷென் வளைவில் வேலியோரம் நின்றே பார்க்கலாம்.

எழுத்துகளை மனப்பாடம் செய்ய வேண்டியவர்கள் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனால், பல ஊர் வண்டிகளும் வந்து நிற்பதால் அங்கே வண்டி நிறுத்துமிடமே பாடப்புத்தகம், சாமி கும்பிட்ட கையோடு ஒரு சுற்று நடந்துவிடுங்கள்.

படி 6: அரசு வண்டிகள்

பெர்லினில் இருப்பவர்களுக்கு இது போனஸ். 0-1 குடியரசுத் தலைவர், 0-2 சான்சலர், 1-1 நாடாளுமன்றத் தலைவர். ஒய் என்றால் ராணுவம், அதில் நீலப் பட்டைக்குப் பதில் தேசியக் கொடி இருக்கும்.

படி 7: படமெடுக்கும்போது

தெருவில் நிற்கும் காரைப் படமெடுப்பதில் பிரச்சினை இல்லை, ஆனால் தனியார் வண்டி என்றால் இணையத்தில் போடும் முன் பிளேட்டை மங்கலாக்குங்கள், எந்தத் தெருவில் நிற்கிறது என்றும் எழுதாதீர்கள், விலை உயர்ந்த கார் தினமும் எங்கே நிற்கும் என்று திருடனுக்கு நாமே சொல்லிக் கொடுக்க வேண்டாமே. ஓட்டுபவர் பக்கத்தில் இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். எச் பிளேட்காரர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், பானட்டைத் திறந்து காட்டி அரை மணி நேரம் பேசுவார்கள், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.