பின் ஆக்ஸில்: எதை எடுப்பது, எங்கே பலப்படுத்துவது

டர்போ, கேம், எக்சாஸ்ட் என்று முன்னால் லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு, பின்னால் ஆக்ஸிலை மட்டும் கம்பெனி கொடுத்தபடியே விட்டிருக்கும் வண்டிகள் நம் கோயம்புத்தூர்ப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. செட்டிபாளையம் காரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் கிளட்சை விடும்போதுதான் வண்டவாளம் தெரியும். ஒரே ஒரு 'டக்', அப்புறம் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. இங்கே சொல்வதெல்லாம் ஜிப்ஸி, காண்டஸா, அம்பாசடர், பத்மினி மாதிரி பின்சக்கரத்துக்குப் பவர் போகும், முழு ஆக்ஸில் உள்ள வண்டிகளுக்கு. ஸ்விஃப்ட், போலோவில் பின்னால் இருப்பது வெறுமனே தாங்குகிற பீம், அதில் இந்த வேலைக்கு இடமே இல்லை.

வாங்கக் கிளம்பும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். இன்ஜின் டார்க் 200 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.5, ஆக்ஸில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று) 4.1 என்றால் மூன்றையும் பெருக்கி 2,870 வரும். பயந்துவிட வேண்டாம், அவ்வளவும் ஷாஃப்டுக்கு (ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைத் திருப்பும் தண்டு) போகாது. பின்பக்கம் 600 கிலோ எடை, டயர் ஆரம் 30 சென்டிமீட்டர், பிடிமானம் 1 என்று வைத்தால் சுமார் 1,760 தாண்டியதும் டயர் வழுக்கிவிடும். அதனால் ஆக்ஸிலை உடைப்பது பெரும்பாலும் இன்ஜின் இல்லை, டயரும் கிளட்சும்தான். ஸ்லிக் டயர் மாட்டினால் அந்த 1,760 ஏறும், கிளட்சைச் சட்டென்று விட்டால் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் வேகம் ஒரு அடியாக மேலே வந்து விழும். சாதா டிஃபரன்ஷியலில் (வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) இது இரண்டு ஷாஃப்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். லாக் செய்த டிஃபரன்ஷியலில், ஒரு சக்கரம் மட்டும் பிடித்து மற்றது மணலில் நின்றால், முழுச் சுமையும் ஒரே ஷாஃப்டில். பலம் பார்ப்பது இந்த நிலைமையை வைத்துத்தான்.

அடுத்து ரேஷியோ. டாப் கியர் நேர் கியராக (ரேஷியோ 1) இருந்து, டயர் சுற்றளவு 1.9 மீட்டராக இருந்தால், 6,500 ஆர்பிஎம்மில் 3.73 ரேஷியோவுக்கு மணிக்கு 199 கிலோமீட்டர், 4.1க்கு 181, 4.56க்கு 162 வரும். காரி மாதிரி 2.1 கிலோமீட்டர் டிராக்கில் 199 போக எங்கே இடம் இருக்கிறது? அதற்காக எண்ணைக் கண்டபடி ஏற்றவும் முடியாது, அதே அளவு கிரவுனுக்கு (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) ரேஷியோ கூடக்கூடப் பினியன் (அதைத் திருப்பும் சின்னது) சிறுத்து, பல் குறைந்து, பலமும் குறையும்.

ஆக்ஸில் தேடி உக்கடம் பழைய சாமான் கடைகளுக்குப் போகும்போது டேப்பும் கேலிப்பரும் கையில் இருக்கட்டும். ஃப்ளாஞ்சுக்கு ஃப்ளாஞ்ச் (சக்கரம் மாட்டும் வட்டத் தட்டு) அகலம், ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடம், வீல் போல்ட் வட்டம் (ஜிப்ஸிக்கு 139.7 மில்லிமீட்டரில் ஐந்து போல்ட்), பிரேக், ஹேண்ட்பிரேக் கேபிள் வரும் பக்கம் எல்லாம் அளந்து எழுதுங்கள். பலமாக இருக்கிறது என்பதற்காகப் பொலேரோ ஆக்ஸிலைச் சின்ன வண்டியில் போடுகிறவர்கள் உண்டு. ஸ்பிரிங்குக்குக் கீழே அவ்வளவு எடை தொங்கினால் மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுவிடும், எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஜிப்ஸி மாதிரி டிஃபரன்ஷியல் தனி உருண்டையாக முன்பக்கம் கழன்று வரும் ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) கிடைத்தால் நல்லது, வேறு ரேஷியோவில் இன்னொன்றைத் தயாராக வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, செமி ஃப்ளோட்டிங்கா ஃபுல் ஃப்ளோட்டிங்கா என்று பாருங்கள். செமி ஃப்ளோட்டிங்கில் வண்டியின் எடையும் முறுக்கும் இரண்டுமே ஷாஃப்டின் மேல். அது உடைந்தால் சக்கரம் தனியாக ஓடிப்போக வாய்ப்பு உண்டு. ஃபுல் ஃப்ளோட்டிங்கில் எடையை ஹப் தாங்கும், ஷாஃப்ட் திருப்புவது மட்டும். லாரிக்கெல்லாம் இதுதான்.

பழைய ஷாஃப்ட் உடைந்திருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், துடைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். உடைந்த முகம் நேர்க்குறுக்கே தட்டையாக, ஸ்பிளைன் (ஷாஃப்ட் நுனியில் டிஃபரன்ஷியலில் மாட்டும் வரிப்பல்) எல்லாம் திருகிக்கொண்டு இருந்தால் சுமை அதிகமாகி முறுக்கில் போயிருக்கிறது. 45 டிகிரியில் சுருளாகப் பிளந்திருந்தால் இரும்பு ரொம்பக் கடினமாகி நொறுங்கியிருக்கிறது, ஹீட் ட்ரீட்மென்ட் சரியில்லை. கடற்கரை அலை மாதிரி வரிவரியாகக் கோடு இருந்தால் ஏதோ ஒரு கூர்மூலையில் விரிசல் விட்டு நாளாக நாளாக வளர்ந்தது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

புது ஷாஃப்ட் செய்ய நமக்கு வசதி இருக்கிறது, கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கம் லேத்துக்குப் பஞ்சமில்லை. மெட்டீரியல் இஎன்24, இல்லையென்றால் இஎன்19, இரண்டும் அலாய் ஸ்டீல். சும்மா கிடைக்கிறது என்று சாதா கார்பன் ஸ்டீலான இஎன்8 வேண்டாம். முறுக்குப் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறும், 28 மில்லிமீட்டர் 31 ஆனால் 36 சதவீதம் கூடுதல். ஆனால் ஸ்பிளைனை மட்டும் பழைய அளவில் வைத்துவிட்டு நடுத்தண்டைத் தடிமனாக்கிப் பயனில்லை, உடைவது ஸ்பிளைன் முடியும் இடத்தில்தான். நடுத்தண்டு, ஸ்பிளைன் பல்லின் அடிவிட்டத்தைவிட ஒரு நூல் குறைவாக இருக்கட்டும், அப்போதுதான் முறுக்கு நீளம் முழுக்கப் பரவும். படி மாறும் இடங்களில் நல்ல ரேடியஸ், கத்தி மூலை கூடவே கூடாது. ஃப்ளாஞ்சை வெல்டு வைத்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

ஷாஃப்டைப் பலப்படுத்தினால் அடி அடுத்த இடத்துக்குப் போகும், அதாவது கிரவுன் பினியனுக்கு. பல லாரி டிஃபரன்ஷியலைப் பார்த்துப் பழுத்த ஒரு சங்ககிரி மெக்கானிக்கிடம் கிரவுனை மட்டும் மாற்றித் தரச் சொன்னபோது அவர் சொன்னது: "ஏனுங் தம்பி, பினியன் என்னங்க பாவம் பண்ணுச்சு?" இரண்டும் ஜோடியாகத் தேய்த்து எண் போட்டு வருவது, பிரிக்கக் கூடாது. பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி) மேனுவலில் உள்ளபடி, பொதுவாக 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர், டயல் கேஜில் நாலைந்து இடத்தில் பாருங்கள். பிறகு பல்லில் மார்க்கிங் ப்ளூ தடவிச் சுற்றினால் தடம் நடுவில் விழ வேண்டும்; கிரவுன் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் உள்ளே அதிகம் போயிருக்கிறது, நுனியில் விழுந்தால் உள்ளே போனது போதாது, ஷிம்மில் (மெல்லிய தகட்டு வளையம்) சரி செய்ய வேண்டியது.

ஹவுசிங்குக்குப் பின்னால் பட்டைத் தகடு வைத்து வெல்டு செய்வது நல்லதுதான், அவசரப்பட்டால் குழாய் வளைந்துவிடும். பேரிங், சீல் எல்லாம் கழற்றி, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, உள்ளே நேரான டம்மி பாரை விட்டு, இரண்டு அங்குலம் இந்தப் பக்கம், ஆறவிட்டு எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி. நடுவில் வார்ப்பு இரும்பாக இருந்தால் சூடேற்றி நிக்கல் ராடில்தான்.

ஸ்பிரிங் பட்டை வண்டியில் ஸ்டார்ட்டில் ஆக்ஸில் குதித்தால் வேறு எதுவும் நிற்காது. டிராக்ஷன் பார் (ஆக்ஸில் திருகாமல் பிடிக்கும் கம்பி) போடுங்கள், யு-போல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.

டிஃபரன்ஷியலை வெல்டு வைத்து லாக் செய்வதை மண் டிராக்குக்கு மட்டும் ஒப்புக்கொள்ளலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டியிருந்தால் டயர் தேய்வது மட்டுமா, ஒவ்வொரு வளைவிலும் ஷாஃப்டை முறுக்கிக் களைப்பாக்குகிறீர்கள். ரோட்டில் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) போதும். ரோட்டில் ஓட்டும் வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் பார்த்துக்கொள்ளுங்கள், பதிவில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது.

எல்லாம் மாட்டியதும் பிரீதர் துளை (ஹவுசிங்கிலிருந்து காற்று வெளியேறும் வழி) அடைபட்டிருக்கிறதா பாருங்கள், அடைத்தால் சீல் வழியே எண்ணெய் பிரேக்குக்கு வரும். ஜிஎல்-5 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றி, முதலில் 25 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ஹவுசிங்கைக் கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். 500 கிலோமீட்டரில் எண்ணெயை இறக்கும்போது டிரெயின் பிளக் காந்தத்தில் மாவு மாதிரி இரும்புத்தூள் இருந்தால் சரி, செதில் கிடைத்தால் டிராக்குக்குப் போகும் முன் மறுபடி கழற்றுங்கள்.