குழம்பா, குளம்பா? தப்பெழுத்துத் தேடல்களை எஸ்.இ.ஓ.வில் கையாளும் முறை

வத்தக்குழம்பு செய்முறை ஒன்றை எழுதி உங்கள் தளத்தில் போடுகிறீர்கள். தேடுகிறவர்கள் அதை எப்படியெல்லாம் தட்டுவார்கள் என்று பாருங்கள்: வத்தக்குழம்பு, வத்தகுழம்பு, வத்த குழம்பு, வத்தல் குழம்பு, வற்றல் குழம்பு, வத்தக்கொழம்பு, வத்தகுளம்பு, வத்தக்குலம்பு. ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் தனிக்கணக்கு. அவர்களில் ழகரத்துக்குச் சிலர் இசட்-எச் போடுவார்கள், சிலர் வெறும் எல் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

'தப்பான எழுத்தையே தலைப்பில் வைத்தால் போட்டி குறைவு, மேலே வந்துவிடலாம்' என்பது எஸ்.இ.ஓ.வில், அதாவது தேடல் முடிவுகளில் பக்கத்தை மேலே கொண்டுவரும் வேலையில், பழைய வித்தை. ஆங்கிலத்தில் அது எப்போதோ செத்துவிட்டது. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் பெயரை மூன்று மாத காலத்தில் மக்கள் கிட்டத்தட்ட 600 விதமாகத் தப்பாக எழுதித் தேடியதைக் கூகுளே ஒரு பட்டியலாக வெளியிட்டிருந்தது. அத்தனையையும் அது ஒரே பெயராகத்தான் புரிந்துகொண்டது. 2020 அக்டோபரில், தினசரித் தேடல்களில் பத்தில் ஒன்று எழுத்துப்பிழையோடு வருகிறது என்று சொல்லி, 68 கோடி அளவுருக்கள் கொண்ட புதிய திருத்தும் மாதிரியையும் அறிமுகப்படுத்தியது. எனவே ஆங்கிலப் பக்கங்களுக்கு இந்த வேலையில் நேரத்தைப் போடாதீர்கள்.

தமிழில் கதை வேறு. முதல் காரணம், நம் பிழைகளில் பல இன்னொரு சரியான சொல்லாகிவிடுகின்றன. 'குளம்பு' மாட்டின் காலில் இருப்பது. 'கரி' அடுப்பில் இருப்பது. 'நல்லெண்ணெய்' என்பதைப் பிரித்து 'நல்ல என்னை' என்று தட்டினால், இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். பக்கத்துச் சொல்லை வைத்துத்தான் இயந்திரம் ஊகிக்க வேண்டும். 'மீன் குளம்பு' என்றால் பிடித்துக்கொள்ள வழியுண்டு, 'குளம்பு வகைகள்' என்றால் தடுமாற இடமுண்டு. இரண்டாவது காரணம், நாம் தப்பு என்று நினைப்பதில் பாதி தப்பே இல்லை. வற்றல் எழுத்து வழக்கு, வத்தல் பேச்சு வழக்கு. இங்கே காபி, இலங்கையில் கோப்பி. இங்கே ஆஸ்திரேலியா, அங்கே அவுஸ்திரேலியா. இவற்றைப் பிழை என்று ஒதுக்கினால் வாசகரையே ஒதுக்குகிறீர்கள்.

படி 1: வடிவங்களைத் திரட்டுங்கள்

உங்கள் தளத்துக்கு ஏற்கெனவே வந்த தேடல்களிலிருந்து தொடங்குங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் (தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) செயல்திறன் அறிக்கையைத் திறந்து, காலத்தை 16 மாதம் என்று வையுங்கள். அதற்கு முந்தைய தரவு அங்கே கிடைக்காது. வினவல் (மக்கள் தட்டிய தேடல்) வடிகட்டியில் ரீஜெக்ஸ் (பல எழுத்து வடிவங்களை ஒரே குறியீட்டால் பிடிக்கும்) முறையைத் தேர்ந்தெடுத்து இதை இடுங்கள்:

(கு|கொ)[ழளல]ம்பு

குழம்பு, குளம்பு, குலம்பு, கொழம்பு எல்லாம் ஒரே வலையில் விழும். புதியவர்கள் சறுக்கும் இடம் சதுர அடைப்பு. அது ஒற்றைக் குறியை மட்டுமே எண்ணும். 'ழ' ஒரே குறி என்பதால் அதற்குள் நிற்கும். 'கு' என்பது கணினிக்கு 'க'வும் உகரக் குறியுமாக இரண்டு. அதைச் சதுர அடைப்பில் போட்டால் விடை தாறுமாறாகும். உயிர்மெய் வந்தால் வளைவு அடைப்பும் நடுவில் செங்குத்துக் கோடும்தான்.

அறிக்கையில் 1000 வரிகள் வரைதான் காட்டும். மிகச் சிலரே தேடிய வினவல்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்தும்விடும். அபூர்வமான பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான் கண்ணில் படாமல் போகின்றன. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட, உங்கள் துறை சார்ந்த யூடியூப் காணொளிகளின் பின்னூட்டங்களைப் படியுங்கள். மக்கள் எப்படித் தட்டுகிறார்கள் என்பதை அதைவிட நேர்மையாகக் காட்டும் இடம் இல்லை. தேடல் பெட்டியில் வரும் பரிந்துரைகள் இந்த வேலைக்கு அவ்வளவு உதவாது. அவை பெரும்பாலும் திருத்திய வடிவத்தையே முன்வைக்கும்.

பட்டியல் எழுதும்போது இந்த இடங்களைத் தவறாமல் சோதியுங்கள்: ல-ள-ழ, ர-ற, ந-ன-ண, விட்டுப்போன வல்லொற்று, சேர்த்தும் பிரித்தும் எழுதுவது, பேச்சு வழக்கு, இலங்கை வழக்கு.

கண்ணுக்கே தெரியாத ஒரு பிழையும் உண்டு. 'பௌர்ணமி'யைப் பலர் ஒற்றைக்கொம்பு, ப, ளகரம் என்று மூன்று துண்டாகத் தட்டி 'பெளர்ணமி' ஆக்கிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே வேறு வேறு குறிகள். ஔகாரத்தின் பின்பாதி ளகரம்போல இருப்பதால் வந்த வினை இது. கண்டுபிடிக்க எளிய வழி: அந்த எழுத்தை அடுத்து கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். 'ப' மிஞ்சினால் சரியான ஔகாரம், 'பெ' மிஞ்சினால் ளகரம் புகுந்திருக்கிறது. உங்கள் சொந்தக் கட்டுரைகளில் முதலில் இதைச் சோதியுங்கள். 'பவுர்ணமி' என்று எழுதுகிறவர்களும் நிறைய இருப்பதால், ஒரே சொல் மூன்று வடிவமாகிறது.

படி 2: மூன்றாகப் பிரியுங்கள்

வத்தகுழம்பு, வத்தக்குலம்பு போன்றவை கைத்தவறு. வற்றல், வத்தல், கொழம்பு, கோப்பி போன்றவை வழக்கு வேறுபாடு. குளம்பு, கரி, என்னை போன்றவை வேறு பொருள் தரும் பிழை. மூன்றுக்கும் மருந்து வேறு.

எந்த வடிவம் அதிகம் புழங்குகிறது என்பதற்குக் கூகுள் டிரெண்ட்ஸ் போதும். அது ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனிச் சொல்லாகவே எண்ணும், பிழைகளைத் தானாகச் சேர்க்காது. வழக்கமாகக் குறையாகப் படும் இது, நமக்கு இங்கே வசதி. ஒரே நேரத்தில் ஐந்தை ஒப்பிடலாம். இரண்டு வடிவங்களைக் கூட்டிப் பார்க்க நடுவில் கூட்டல் குறி போடுங்கள். இந்தியா, இலங்கை என்று நாட்டை மாற்றியும் பாருங்கள். கோடு சுழியத்திலேயே கிடந்தால், அந்த வடிவத்துக்காக மெனக்கெட வேண்டாம்.

படி 3: கூகுள் ஏற்கெனவே திருத்துகிறதா?

உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் ஒவ்வொரு வடிவத்தையும் தேடுங்கள். தானாகத் திருத்திச் சரியான வடிவத்தின் முடிவுகளைக் காட்டினால், அந்தப் பிழைக்கு நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம். 'இதைத் தேடுகிறீர்களா' என்று கேட்டு நிறுத்திக்கொண்டாலோ, ஒன்றும் சொல்லாமல் முடிவுகளைக் காட்டினாலோ, முதல் பத்து இணைப்புகளைச் சரியான வடிவத்தின் முதல் பத்தோடு ஒப்பிடுங்கள். ஏழு எட்டு ஒன்றாக இருந்தால் கூகுளுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்றுக்குக் கீழே போனால் அது தனித் தேடல், அங்கேதான் உங்களுக்கு வேலை. இந்த எண்ணிக்கை கைக்கணக்குதான், விதி அல்ல. திருத்தம் இல்லாமல் என்ன வரும் என்று பார்க்க, சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் இட்டுத் தேடலாம்.

படி 4: எங்கே வைப்பது

தலைப்பில் ஒரே வடிவம். அதிகம் தேடப்படுவதும், படித்தால் உறுத்தாததுமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 'வத்தக்குழம்பு' அப்படிப்பட்டது. 'வத்தகுளம்பு செய்வது எப்படி' என்று தலைப்பு வைத்தால், வாட்ஸ்அப்பில் பகிரும் முதல் ஆளே கேலி செய்வார். சமையல் தெரிந்தவர் எழுதியதா என்ற சந்தேகமும் வந்துவிடும்.

வழக்கு வேறுபாடுகளை முதல் இரண்டு பத்திகளுக்குள் இயல்பாகச் சொல்லுங்கள். 'சுண்டைக்காய் வற்றலைப் போட்டுச் செய்வதால் வற்றல் குழம்பு. பேச்சில் வத்தல் குழம்பு, வத்தக்கொழம்பு என்பார்கள்' என்ற ஒரு வரி போதும். வாசகருக்கு அது தகவல், தேடுபொறிக்கு அது பொருத்தம். ஒருமுறை சொன்னால் போதும். அதையே எட்டு இடத்தில் திணித்தால் அது சொற்குவிப்பு.

கைத்தவறுகளைக் கட்டுரைக்குள் கொண்டுவரவே வேண்டாம். வேறு பொருள் தரும் பிழைக்கு மட்டும், இடம் பொருந்தினால், 'குழம்பு என்பதே சரி, குளம்பு என்றால் விலங்கின் காற்பகுதி' என்று ஒரு குறிப்பு எழுதலாம். மொழி சார்ந்த தளத்துக்கு அது அழகாகப் பொருந்தும், சமையல் பக்கத்தில் கொஞ்சம் வலிந்ததாகத் தெரியும். முடிவு உங்களுடையது.

செய்யவே கூடாதவை சில. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் பிழைகளை ஒளித்து வைப்பது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பக்கம் உண்டாக்குவதும் அப்படியே. போதாததற்கு உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியில் (வாசகர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலில் தேடுசொற்களை எழுதும் இடம்) பட்டியல் போடுவது வீண்வேலை. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

பக்க முகவரியில் பல வடிவங்களைச் சேர்க்க நினைத்தால் அதையும் விடுங்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது இடம் பிடிக்கும். தளம் நடத்தப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 200 இடத்தோடு வெட்டிவிடும். அதாவது 22 குறிகள், அதிலும் 'கு' இரண்டாகக் கணக்கு. நீளமான தமிழ் முகவரிகள் பாதியில் அறுந்து நிற்பது இதனால்தான்.

படி 5: யூடியூப் உண்டென்றால்

தப்பெழுத்துக்கு முறையான இடம் ஒன்று இருக்கிறதென்றால் அது யூடியூபின் குறிச்சொல் பெட்டிதான். குறிச்சொற்களுக்குப் பொதுவாகப் பங்கு குறைவு, அடிக்கடி தப்பாகத் தட்டப்படும் பெயர்களுக்கு மட்டும் உதவும் என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது. மொத்தம் 500 எழுத்துகள். குளம்பு, குலம்பு, ஆங்கில எழுத்து வடிவங்கள் எல்லாவற்றையும் இங்கே போடுங்கள். தலைப்பும் விளக்கமும் சுத்தமாக இருக்கட்டும்.

படி 6: உங்கள் தளத்தின் தேடல் பெட்டி

எல்லோரும் மறக்கும் இடம் இது, பலனோ இங்கேதான் உடனே தெரியும். கூகுள் பிழையை மன்னிக்கும், வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் மன்னிக்காது. எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று கையை விரித்துவிடும். தளத்துக்குள் வந்துவிட்ட வாசகரை அப்படித் திருப்பி அனுப்புவது பெரிய நட்டம்.

ரெலவன்சி என்ற இலவசச் செருகியை (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரல்) நிறுவி, முதலில் அதன் தேடல் அட்டவணையை உருவாக்குங்கள். பிறகு அதன் ஒத்த சொற்கள் பகுதியில் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்:

குளம்பு = குழம்பு
குலம்பு = குழம்பு
கொழம்பு = குழம்பு
வத்தல் = வற்றல்

இடப்பக்கம் மக்கள் தட்டுவது, வலப்பக்கம் கட்டுரையில் இருப்பது. மாற்றி எழுதினால் வேலை செய்யாது. எல்லாச் சொற்களும் பொருந்த வேண்டும் என்ற தேடல் முறையை வைத்திருந்தால், ஒத்த சொற்களையும் அட்டவணையில் சேர்க்கும் விருப்பத்தை இயக்கி, அட்டவணையை மறுபடி உருவாக்க வேண்டும். 'சேர்த்தேன், ஆனாலும் ஒன்றும் வரவில்லை' என்பதற்கு முதலில் இதைத்தான் பாருங்கள்.

அடுத்து என்ன சேர்ப்பது என்பதைத் தள வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் சொல்லும். அதன் மேம்பட்ட அளவீடு என்ற அமைப்பில் தளத் தேடல் இயங்கினால், வாசகர் பெட்டியில் தட்டிய சொற்கள் பதிவாகும். வேர்ட்பிரஸ் முகவரி அமைப்பை அது தானாகவே அறியும். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்த்து நாலு வரி சேர்த்தால் போதும்.

படி 7: அளந்து பாருங்கள்

மாற்றம் செய்த தேதியைக் குறித்து வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சர்ச் கன்சோலில் அதே ரீஜெக்ஸை இட்டு, முன்னும் பின்னுமாக ஒரே நீளமுள்ள இரு காலங்களை ஒப்பிடுங்கள். சமையல் பக்கங்களில் பண்டிகை, விரத நாட்கள் கணக்கைக் கலைத்துவிடும் என்பதால், முடிந்தால் சென்ற ஆண்டின் அதே வாரங்களோடும் ஒப்பிடுங்கள்.

ஒரு வடிவத்துக்குத் தோற்றங்கள் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட தடவைகள்) ஏறி, கிளிக்குகள் அப்படியே நின்றால், அந்த வினவலை முழுதாகப் படியுங்கள். 'மாட்டு குளம்பு நோய்' என்று தேடிய விவசாயிக்கு உங்கள் சுண்டைக்காய் வத்தக்குழம்பு எட்டாம் பக்கத்தில் காட்டப்பட்டிருக்கலாம். அந்தக் குளம்பை உங்கள் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்.